தலைவர் சொன்னதன் உட்பொருள்

அந்தக் கம்பெனியில் மண்டியிடும் நேரம் காலை ஒன்பது பத்து. ஒன்பது மணிக்கு வந்து, பையை வைத்து, கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பிவிட்டு உட்கார்ந்தால் பத்தாவது நிமிடம் மணி அடிக்கும். நான்கு மாடியிலும் உள்ள நூற்று நாற்பது பேரும் நாற்காலியை விட்டு இறங்கி, தலைவர் இருக்கும் ஐந்தாவது மாடியின் திசையை, அதாவது கூரையைப் பார்த்து, ஒற்றை முழங்காலில் நிற்பார்கள். வலது கை நெஞ்சின் மேல். "உங்கள் சித்தமே எங்கள் சித்தம்" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். மூட்டுவலிக்காரர்களுக்குச் சலுகை உண்டு. டாக்டர் சீட்டுக் காட்டினால் இரண்டு முழங்காலிலும் நிற்கலாம்.

இரண்டாம் மாடியில் மெய்ப்புப் பார்க்கும் கமாக்காவும் தினமும் நின்றாள். பதினோரு வருடமாக மற்றவர்கள் எழுதியதில் கமா போட்டுப் போட்டு வந்த பெயர் அது. எழுத்துப்பிழை எங்கே ஒளிந்திருந்தாலும் காதைப் பிடித்து வெளியே இழுத்துவிடுவாள். அதைத் தவிர யார் வம்புக்கும் போகாதவள்.

கம்பெனி வெளியிட்டது மறுவுலகக் கதைகள். இந்த உலகத்தில் ஒன்றுக்கும் உதவாத ஒருவன் லாரி மோதியோ, மின்சாரம் தாக்கியோ, ஆபீஸில் வேலை பார்த்துப் பார்த்தோ செத்துப்போவான். கண்ணை விழித்தால் வேறு உலகம். அங்கே அவன் பெரிய ஆள். வாள் இருக்கும், மந்திரம் இருக்கும், முக்கியமாக, வாய் திறக்குமுன் தலையாட்ட ஆட்கள் இருப்பார்கள். வாழ்க்கையில் ஒருவரும் தலையாட்டாத லட்சக்கணக்கான பேர் இதை வாங்கிப் படித்தார்கள்.

இரண்டு தொடர்கள் அமோகமாகப் போயின. ஒன்று 'எட்டாம் பாதாளத்தின் எஜமான்'. செருப்புக் கடையில் வேலை பார்த்தவன் பாதாளத்துக்கு அதிபதியாகப் பிறக்கிறான். அவனுக்கு ஏழு தளபதிகள். ஒருநாள் அவன் "பசிக்கிறது" என்கிறான். தளபதிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கண் கலங்குகிறார்கள். "எஜமான் கிழக்கு ராஜ்ஜியத்தை விழுங்கச் சொல்கிறார்!" சாயங்காலத்துக்குள் கிழக்கு ராஜ்ஜியம் காலி. அவனுக்குச் சாப்பாடு மட்டும் வரவில்லை. கேட்கப் பயந்துகொண்டு படுத்துவிடுகிறான்.

இன்னொன்று 'ஓட்டைக் கோட்டை'. குழாய் ரிப்பேர்க்காரன் ஒருவன் ஒழுகும் கோட்டைக்கு ராஜாவாகிறான். அவனுக்கு இருப்பது ஒரே ஒரு ஆள், நீளக் காதுள்ள குடைபிடிப்பவன். அவன் மண்டியிட மாட்டான். "எஜமானே, இது சுத்த மடத்தனம். போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க, காலை உடைச்சுக்கிட்டீங்க" என்பான். சொல்லிவிட்டு டிராகன் வாய்க்குள் எஜமானோடு கூடவே போவான், குடையை விரித்துக்கொண்டு. திட்டிவிட்டுக் கூடவே வருகிற ஆள் யாருக்குக் கிடைக்கும்? கமாக்காவுக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். அவன் பேசும் இடத்தில் மட்டும் கமாவைக்கூட யோசித்துத்தான் போடுவாள்.

போன வருடம் கம்பெனி ஒரு வாசகர் கருத்துக் கணிப்பு நடத்தியது. கதாநாயகனைவிட விசுவாசமான ஆட்களைத்தான் வாசகர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. வாசகர்களுக்கு விசுவாசம் பிடித்தால் ஊழியர்களுக்கும் பிடிக்கத்தானே செய்யும் என்று ஒரு மகானுபாவர் கூட்டத்தில் எழுந்து சொன்னார். உடனே விசுவாசத் துறை பிறந்தது. எந்த மாதிரி விசுவாசம் என்று கேள்வி வந்தது. குடைபிடிப்பவன் மாதிரி என்றால் மேலே இருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும், ஏழு தளபதிகளின் மாதிரியை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதோடு உட்பொருள் குழு என்று ஒன்றும் வந்தது. தலைவர் என்ன சொன்னாலும் அதைப் பதிவேட்டில் எழுதி, எதிரே அதன் உட்பொருளைக் கண்டுபிடித்து எழுதுவது ஐந்து பேருக்கு முழுநேர வேலை. தலைவர் ஒருநாள் "காபி ஆறிப்போச்சு" என்றார். சூடு குறைந்த துறை ஒன்று இருக்கிறது என்று குழு கண்டுபிடித்தது. விளம்பரத் துறையில் பதினெட்டுப் பேர் வீட்டுக்குப் போனார்கள். இன்னொரு நாள் இரண்டாம் மாடி வழியாகப் போனவர், "இங்க வெளிச்சம் கண்ணைக் கூசுதே" என்றார். மறுநாள் இரண்டாம் மாடியில் ஒரு பல்புகூட இல்லை. அன்றிலிருந்து கமாக்கா மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு மெய்ப்புப் பார்த்தாள். மழை நாளில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு பார்த்தாள்.

இவ்வளவையும் அவள் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு கையெழுத்து.

அவளுடைய தம்பி லிஃப்ட் மெக்கானிக். முப்பத்து நாலு வயதில் அவனுடைய இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டன. வாரத்துக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவான். கையில் ஊசி குத்த இனி இடமில்லை என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். கமாக்காவின் கிட்னி அவனுக்குப் பொருந்தியது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் எல்லாக் காகிதமும் வாங்கிக்கொண்டு, கடைசியாக ஒன்று கேட்டார்கள். கொடுக்கிறவருக்கு ஆறு வாரம் ஓய்வு உறுதி என்று அவருடைய கம்பெனித் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட கடிதம். புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் வர வேண்டும். இந்தத் தேதி தவறினால் அடுத்த தேதி நாலு மாதம் கழித்து.

"நாலு மாசம் தாங்குமா டாக்டர்?" என்று கமாக்கா கேட்டாள்.

டாக்டர் பேனாவை மூடினார். "இந்தத் தேதியை விடாதீங்கம்மா" என்றார். அதற்கு மேல் கேட்கும் தைரியம் அவளுக்கு இல்லை.

திங்கட்கிழமை மண்டியிட்டு எழுந்த கையோடு கடிதத்தை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனாள். அவர் நல்ல மனிதர். இருபது வருடமாக யாரையும் கடிந்து பேசியதில்லை. யாருக்கும் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட்டதுமில்லை. கடிதத்தைப் படித்தார், உச்சுக் கொட்டினார், அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இதை நான் மேல எடுத்துட்டுப் போக முடியாதும்மா."

"ஒரு கையெழுத்துதானே சார்?"

"விசுவாசி கேட்கவே மாட்டான். கேட்டா என்ன அர்த்தம்? தலைவருக்கு இது தெரியாதுன்னு அர்த்தம். அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்னு இருக்குன்னு நான் என் வாயாலயே சொல்லணுமா?"

"தெரியும்னா ஏன் சார் இன்னும் கையெழுத்து வரல?"

சூப்பர்வைசர் யோசித்தார். முகம் மலர்ந்தது. "அதாம்மா திட்டம்!"

"எந்தத் திட்டம்?"

"அது நமக்குத் தெரிஞ்சா அப்புறம் என்ன திட்டம்? என் கதையையே கேளு. என் பொண்ணு பள்ளிக்கூட நாடகத்துல மரமா நின்னா. ரெண்டு மாசமா பயிற்சி, 'அப்பா வந்துடுவீங்கல்ல?'ன்னு தினமும் கேட்டா. நான் லீவு கேட்டேனா? கேட்கல. தலைவருக்குத் தெரியும், வேணும்னா கொடுப்பார்னு இருந்தேன். கொடுக்கல, நான் போகல. அன்னையிலிருந்து பொண்ணு என்கிட்ட பேசறதில்ல." அவர் மேஜையில் கிடந்த காகிதத்தை நேராக்கி வைத்தார். "அதுவும் திட்டத்துல ஏதோ ஒரு பகுதியாத்தான் இருக்கும். இல்லன்னா நான் போகாதது எதுக்குன்னு ஆயிடும் பாரு."

கமாக்காவுக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. நேராக நாலாம் மாடிக்கு, விசுவாசத் துறைக்குப் போனாள்.

அங்கே இருந்த அலுவலர் அம்மாள் சிரித்த முகமாக நாற்காலி காட்டினாள். அறுபத்து நாலு கேள்விகள் கொண்ட படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"எந்த உறுப்பு?"

"கிட்னி. இடது பக்கத்துது."

"யாருக்கு?"

"என் தம்பிக்கு."

"தம்பி எந்தத் துறை?"

"அவன் லிஃப்ட் மெக்கானிக்குங்க. இங்க இல்ல, வேற கம்பெனி."

பேனா நின்றது. "வெளியாளா?"

"கூடப் பிறந்தவன்."

"அதான், வெளியாள்." எழுதிக்கொண்டாள். "பாதாளம் நூத்திப் பன்னிரண்டாம் பாகம் நீங்கதானே மெய்ப்புப் பார்த்தீங்க? மூணாம் தளபதி தன் இதயத்தைப் பிடுங்கி யாருக்குக் கொடுத்தாரு?"

"எஜமானுக்கு."

"எஜமான் கேட்டாரா?"

"இல்ல. அவர் தண்ணி கேட்டாரு."

"பாருங்க! கேட்காமலே கொடுத்தாரு. நீங்க என்ன பண்றீங்க? இருக்கறதே ரெண்டு, அதுல ஒன்னைத் தூக்கி வெளியில கொடுக்கறீங்க. நாளைக்குத் தலைவருக்கு ஒன்னு தேவைப்பட்டா?"

"இன்னொன்னு இருக்குமே" என்றாள் கமாக்கா, ஏதோ வாயில் வந்ததைச் சொல்லி.

"அதைத் தலைவருக்குக் கொடுத்துடுவீங்களா நீங்க?"

கமாக்கா விழித்தாள்.

"தயங்கறீங்க பார்த்தீங்களா? இந்தத் தயக்கத்தை அளக்கறதுக்குத்தான் எங்க துறையே இருக்கு." படிவத்தில் பத்துக்கு மூன்று என்று போட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, உதவி செய்கிறவள் போலச் சொன்னாள்: "மனசு விட்டுடாதீங்க. இதுக்கு வழி இருக்கு. முதல்ல உங்க கிட்னியைத் தலைவருக்குக் கொடுக்கறதா எழுதிக் கொடுங்க. அவர் வேண்டாம்னா மறுப்புச் சான்றிதழ் தருவோம். அதை வச்சுக்கிட்டு நீங்க தாராளமா யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாம்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"இருபத்தோரு வேலை நாள். அவசரம்னா பத்தொன்பது."

"புதன்கிழமை வேணும்மா. தம்பி உயிர் போயிடும்."

"எனக்குப் புரியாதா? எங்கம்மா செத்தப்பவே நான் போகலையே" என்றாள் அலுவலர் அம்மாள், அதே சிரிப்போடு. "போன வருஷத்துக்கான சிறந்த விசுவாசி பதக்கம் எனக்குத்தான். அந்தச் சுவத்துல மாட்டியிருக்கு பாருங்க."

கமாக்கா பார்த்தாள். பதக்கம் பெரிதாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தம்பி ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து போன் செய்தான். பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. அவள் நடந்ததைச் சொன்னாள். வேறு வழி தெரியாமல் கிட்னியைத் தலைவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததையும் சொன்னாள்.

"உன் கிட்னிக்கு இவ்வளவு கிராக்கியா அக்கா? தெரிஞ்சிருந்தா முன்னாடியே துண்டு போட்டு இடம் பிடிச்சிருப்பேனே" என்று சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மூச்சு வாங்கிவிட்டு, "ரொம்பச் சிரமம்னா விட்டுடுக்கா. பார்த்துக்கலாம்" என்றான்.

"என்னத்தடா பார்த்துக்கறது? வாயை மூடிக்கிட்டுப் படு."

போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். சின்ன வயதில் அவளுடைய பென்சிலைத் திருடி, அவளுக்கே விற்ற பயல் அவன். அவன் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்போது கதாசிரியர் வந்தார். இரண்டு தொடரையும் எழுதுவது அவர் ஒருவர்தான். அதனால் ஆபீஸில் அவருக்கு ரெட்டையர் என்று பெயர். கையில் 'ஓட்டைக் கோட்டை'யின் கடைசி மெய்ப்பு. முகம் செத்துப்போயிருந்தது.

"மேலிடத்து உத்தரவு கமாக்கா. இந்த வாரத்துலேருந்து குடைபிடிக்கிறவனும் மண்டி போடணுமாம். குடையை எஜமான் காலடியில வச்சுட்டு 'உங்கள் சித்தமே என் சித்தம்'னு சொல்லணுமாம்."

"எழுதிட்டீங்களா?"

"பாதாளத்தைத் தூங்கிக்கிட்டே எழுதுவேன். இதை எழுதக் கை வரல." பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். படத்தில் குடைபிடிப்பவன் நின்றுகொண்டிருந்தான். பேச்சுக் கட்டம் வெறுமையாக இருந்தது. "நீங்களே ஏதாவது போட்டுடுங்க. இன்னைக்கே மேல போகணும்." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

கடைசி மெய்ப்பு தலைவரிடம் போய்க் கையெழுத்தாகி வருவது கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து உள்ள வழக்கம். விசுவாசத் துறை எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கும், சாப்பாட்டு டப்பாவைக்கூட. மெய்ப்பை மட்டும் பார்க்காது. தலைவர் படிக்கப்போவதை இன்னொருவர் முன்கூட்டிப் படித்தால், தலைவரின் படிப்பில் சந்தேகம் இருப்பதாக ஆகிவிடுமாம். இது கமாக்காவுக்குப் பதினோரு மாதமாகத் தெரியும். இதனால் ஒரு பிரயோஜனம் உண்டு என்பது அந்த நிமிடம்தான் தெரிந்தது.

பேனாவை எடுத்தாள். வெறுங்கட்டத்துக்குள் பொடி எழுத்தில் எழுதினாள்: "எஜமானே, காது கேட்கிறதா இல்லையா? இரண்டாம் மாடியில் மெய்ப்புப் பார்க்கிறவள் தன் தம்பிக்குக் கிட்னி கொடுக்க வேண்டும். ஆறு வாரம் விடுப்புக் கடிதம் புதன் ஐந்து மணிக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். இதை ஒருவரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன்."

பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பிவிட்டாள். வீட்டுக்குப் போயும் ஒரு பொட்டுத் தூக்கமில்லை.

புதன்கிழமை காலை போய், மத்தியானமும் போயிற்று. மூன்றரைக்கு மெய்ப்புக் கட்டு அவள் மேஜைக்குத் திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் கையெழுத்து. குடைபிடிப்பவன் பக்கத்தில், கட்டத்துக்குக் கீழே, சிவப்பு மையில் கோணல்மாணலாக ஒரு வரி: "அந்தம்மாவை என் அறைக்கு வரச் சொல்லுங்க."

இதைக் குழுவிடம் காட்டினால் வருவதற்கு உட்பொருள் என்ன, அறைக்கு உட்பொருள் என்ன என்று தீபாராதனை காட்டாத குறையாக ஆராய்ந்துகொண்டிருப்பார்கள். கமாக்கா யாரிடமும் காட்டவில்லை. கைப்பையையும் தொடாமல் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். ஐந்தாம் மாடிக் காவலாளி கதவைப் பார்த்து மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைத்திருந்தார். விசுவாசம் முற்றிப்போனதால் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரிவதில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு, கதவின் வெளித் தாழ்ப்பாளை நீக்கி உள்ளே போனாள்.

பெரிய அறை. உள்ளே ஒரு கட்டில், ஒரு மேஜை. வேறு எதுவும் இல்லை. நாற்காலி இல்லை, பல்பு இல்லை, போன் இல்லை. தரையில் சட்டை தொளதொளவென்று தொங்க ஒருவர் உட்கார்ந்து, பிஸ்கட் பொட்டலத்தின் அடியில் இருந்த தூளை விரலால் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். வருடாந்திரப் படத்தில் பார்த்த முகம்தான், பாதியாக இளைத்திருந்தது.

"நீதானாம்மா அது?" என்றார் தலைவர். "மூணு வாரத்துல எனக்குப் புரிஞ்ச பேச்சு அது ஒன்னுதான். கடிதத்தைக் கொடு, கொடு."

வாங்கி, மேஜையைக்கூடத் தேடாமல் முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மூன்று நாள் பாட்டுக்கு ஆன நேரம் அரை நிமிடம். என்ன செய்வதென்று தெரியாமல் சாப்பாட்டு டப்பாவை நீட்டினாள். அவர் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

"ஏன் சார் இப்படி உட்கார்ந்திருக்கீங்க?"

"நாற்காலி கொஞ்சம் உயரமா இருக்குன்னேன், எடுத்துட்டாங்க. போன் சத்தம் தாங்கலைன்னேன், செல்போனையும் சேர்த்து எடுத்துட்டாங்க. ஒருநாள் வயிறு மந்தமா இருந்துச்சு, எனக்கு ஒன்னும் வேண்டாம்னேன்." வாயில் இருந்ததை விழுங்கினார். "அத்தோட சாப்பாடு நின்னுபோச்சு. தலைவர் பசியைக் கடந்துட்டாருன்னு கீழ விழா எடுத்தாங்களாம். வீட்டுக்குப் போகணும்னு சொன்னேன். 'கம்பெனியே தலைவருக்கு வீடு'ன்னு கட்டில் கொண்டுவந்து போட்டாங்க."

"உங்க வீட்டுல யாரும் தேடலையா?"

"என் மனைவியை அந்தத் துறைக்குக் கௌரவ ஆலோசகர் ஆக்கிட்டாங்க. வாரத்துக்கு ஒருநாள் வந்து கதவுக்கு வெளியில மண்டி போட்டுட்டுப் போறா. நான் உள்ளேயிருந்து கத்தறேன். சிலிர்ப்பா இருக்குங்கறா."

"முதல்லயே அதட்டியிருக்கலாமே சார்?"

தலைவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "பொய் சொல்ல மாட்டேம்மா. முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. நான் காகிதம் வாங்கி விக்கறவன். நான் சொன்னதுக்கு ஒருத்தனும் ஆகா ஓகோன்னதில்ல. காபி ஆறிடுச்சுன்னு சொன்னதுக்குப் பதினெட்டு பேரை அனுப்பிட்டு, 'என்ன ஞானம், என்ன ஞானம்'னு கை தட்டினாங்க. நான் காபியைத்தான் சொன்னேன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. சொல்லாம விட்டுட்டேன். இப்ப சொல்றேன், யாரும் கேட்க மாட்டேங்கறாங்க."

அவர் எழுந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கையில் பலமே இல்லை.

"கீழ போய் உள்ளதை உள்ளபடி சொல்லும்மா. தலைவருக்கு வீட்டுக்குப் போகணும், அவ்வளவுதான், வேற அர்த்தமே இல்லன்னு சொல்லு. நீ சொன்னா எடுபடும். நீதானே அந்தக் குடைக்காரன் மாதிரி எனக்கு எழுதினே?"

"சொல்றேன் சார். கட்டாயம் சொல்றேன்" என்றாள் கமாக்கா. அவள் மனதாரத்தான் சொன்னாள்.

அவள் வெளியே வந்ததும் காவலாளி நெற்றியைத் தரையிலிருந்து எடுக்காமலே வழக்கம்போலக் கையை நீட்டித் தாழ்ப்பாளைப் போட்டார். படி இறங்கினால், நாலாம் மாடியில் உட்பொருள் குழுவின் ஐந்து பேரும் வழியை மறித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தார்கள். முத்திரை அவர்களிடம்தான் இருந்தது. குழுத்தலைவர் கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் நாலு பதினைந்து. ஆஸ்பத்திரி பஸ்ஸில் பத்து நிமிடம்.

"கையெழுத்து இடது பக்கம் சாஞ்சிருக்கு" என்றார் குழுத்தலைவர்.

"முழங்கால்ல வச்சுப் போட்டாரு சார். அங்க நாற்காலி இல்ல."

"முழங்கால்ல!" ஐந்து பேரும் சிலிர்த்தார்கள். ஒருவர் பதிவேட்டில் எழுதினார். "தலைவர் வேற என்ன சொன்னாரு? ஒரு எழுத்து விடாம சொல்லணும்."

கமாக்கா மூச்சை இழுத்து விட்டாள். "தலைவருக்கு வீட்டுக்குப் போகணுமாம். அவ்வளவுதான் சார், இதுக்கு வேற அர்த்தம் எதுவும் இல்லையாம். பசிக்குது அவருக்கு. இளைச்சுப்போயிட்டாரு. தயவு செஞ்சு கதவைத் திறந்து விட்டுடுங்க."

குழுத்தலைவரின் கண்கள் நிறைந்துவிட்டன.

"இவ்வளவு ஆழமா அவர் இதுவரைக்கும் பேசினதே இல்ல" என்றார். "வீடுன்னா எது? போறதுன்னா எது? வேற அர்த்தமே இல்லன்னு அவரே சொல்றாருன்னா, உள்ள எத்தனை அர்த்தம் இருக்கும்! குறைஞ்சது மூணு நாள் உட்கார்ந்து பேசணும். இந்தம்மாதான் சாட்சி. முடியற வரைக்கும் இவங்க இங்கதான் இருக்கணும். கடிதமும் இருக்கட்டும்."

"ஐயோ சார், என் தம்பி..."

"அதையும் சேர்த்துப் பேசுவோம்."

நாலு முப்பது ஆயிற்று. நாலு முப்பத்தைந்து ஆயிற்று. அவள் கெஞ்சினாள், கும்பிட்டாள், கத்தினாள். கத்தியதையும் ஒருவர் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். உண்மையை எத்தனை தடவை சொன்னாலும் அது அவர்கள் காதில் புதிராகவே போய் விழுந்தது. தம்பியின் கை அவள் கண்முன் வந்தது, குத்திக் குத்திக் கன்றிப்போன கை. கமாக்காவுக்குள் ஏதோ ஒன்று அறுந்துபோயிற்று.

மண்டியிட்டாள். வலது கையை நெஞ்சில் வைத்தாள்.

"ஒன்னு சொல்ல மறந்துட்டேன் சார். இந்தக் கடிதத்துக்கு யாராவது உட்பொருள் தேடினா அவங்க விசுவாசி இல்லைன்னு தலைவர் சொன்னாரு."

குழுத்தலைவர் வெலவெலத்துப்போனார். முத்திரையை எடுத்தார். எடுத்தவர் கடிதத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்போ வீட்டுக்குப் போகணும்னு அவர் சொன்னது?"

கடிகார முள் நகர்ந்தது. ஐந்து பேரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"அது நம்மளைச் சோதிக்கறதுக்குச் சொன்னது சார்" என்றாள் கமாக்கா. "இதுதான் தன் வீடுன்னு சொன்னாரு. கதவை யாரும் திறக்க வேண்டாம்னும் சொன்னாரு."

முத்திரை விழுந்தது.

தெருவில் பஸ் நிறுத்தம் கம்பெனிக்கு நேர் எதிரே இருந்தது. அவள் ஓடிவந்து நிற்கும்போது மணி நாலு நாற்பத்து மூன்று. கம்பெனி வாசலில் டீ குடிக்க வந்து நின்ற சூப்பர்வைசரும் இன்னும் இருபது முப்பது பேரும் திடீரென்று கூவினார்கள். ஐந்தாம் மாடி ஜன்னலில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டினார். எதையோ கத்தினார், சத்தம் கீழே வரவில்லை. பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்.

"தலைவர் நம்மளை வாழ்த்துறாரு!" என்று சூப்பர்வைசர் கத்தினார். அத்தனை பேரும் நடைபாதையிலேயே மண்டியிட்டார்கள். அவர் தெருவுக்கு இந்தப் பக்கம் பார்த்தார். "கமாக்கா! பார்த்துக்கிட்டு நிக்கறியே!"

குழுத்தலைவரும் வாசலுக்கு வந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கமாக்கா கைப்பையைத் தொட்டுப் பார்த்தாள், கடிதம் இருந்தது. ஆறு வாரம் கழித்து வந்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். ஒரு டப்பாச் சாப்பாடு எத்தனை நாளைக்கு வரும் என்ற நினைப்பும் கூடவே வந்தது. அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். அவமானமாக இருந்தது. தம்பி பிழைத்துவிடுவான் என்று சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு அவளும் மண்டியிட்டு, வலது கையை நெஞ்சில் வைத்து, மேலே பார்த்தாள்.

தலைவர் அவளைக் கண்டுகொண்டார். ஆடிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன.

பஸ் வந்தது. கமாக்கா எழுந்து, முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, ஏறிக்கொண்டாள்.